நீளம் எத்தனை? நிலம் யாருடையது?

“வளர்ச்சி வேண்டாமா உங்களுக்கு?” என்று கேட்கின்றனர், தோழர்களே! தேநீர்க் கடையிலே கேட்கின்றனர். தாம்பரம் போகும் மின்ரயிலிலே கேட்கின்றனர். கூட்டம் முடிந்து நாம் கொடிக்கயிற்றைச் சுருட்டிக் கொண்டிருக்கும் வேளையிலே மேடையருகில் வந்து நின்று, உதட்டோரம் சற்றே ஏளனம் நெளியக் கேட்கின்றனர். பெங்களூரைப் பார், நாலாயிரம் மீட்டரில் இரண்டு ஓடுபாதைகள்! ஐதராபாத்தைப் பார், 4,260 மீட்டர்! டில்லியைப் பார், 4,430 மீட்டர்! சென்னை மட்டும் மீனம்பாக்கத்திலேயே முடங்கிக் கிடக்க வேண்டுமா? பரந்தூருக்குக் குறுக்கே நிற்கலாமா? இப்படி மீட்டர் மீட்டராக அளந்து நம்மை மடக்கப் பார்க்கின்றனர்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது நம் வழக்கமன்று. மீட்டரிலே கேட்டால் மீட்டரிலேயே சொல்வோம். ஏக்கரிலும் சொல்வோம், ஏனெனில், அவர்கள் மீட்டரைப் பற்றி ஓயாது பேசுவது ஏக்கரைப் பற்றிப் பேசாமலிருப்பதற்காகத்தான்.

மறைமலைநகரிலும் செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கரையிலும் வாழும் நம் தோழர்களில் சிலர், பரந்தூர் என்றதும், “அது காஞ்சிபுரம் மாவட்டத்துச் சங்கதி, நமக்கென்ன?” என்று எண்ணக்கூடும். எண்ண வேண்டாம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்க ஆராயப்பட்ட இடங்கள் நான்கு: படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர். முதல் இரண்டும் யாருடைய ஊர்கள்? நம்முடைய ஊர்கள்! ஒருபுறம் தாம்பரத்திலே விமானப்படைத் தளம், மறுபுறம் கல்பாக்கத்திலே அணுமின் நிலையம். இரண்டுக்கும் இடையே விமானப் பாதை வகுப்பது எளிதன்று என்பதால் நம் பக்கம் தப்பிற்று. இல்லையேல், மதுராந்தகத்துக் கரும்புத் தோட்டங்களிலே இன்று அளவைக்கல் நட்டிருப்பர். படாளம் சர்க்கரை ஆலைக்கு வண்டி கட்டியவர் நிவாரண அலுவலக வாசலிலே வரிசையில் நின்றிருப்பார். பக்கத்து வீட்டு மாடியிலே விழுந்த இடியைப் பார்த்து, நம் கூரை தப்பியது என்று மகிழ்வதா?

முதலில் நீளத்தைப் பேசுவோம். ஓடுபாதை ஏன் நீள்கிறது? பெருமைக்காக அன்று. காற்றுக்காக. விமானத்தைத் தூக்குவது காற்று. அந்தக் காற்று மெலிந்திருந்தால் விமானம் இன்னும் வேகமாக ஓடித்தான் எழ முடியும். வேகமெடுக்க நீளம் வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். வெப்பம் ஏற ஏறவும் மெலியும். இதற்குப் பன்னாட்டு விமானத்துறையிலே எளிய கணக்கொன்று உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீளத்திலே நூற்றுக்கு ஏழு கூட்ட வேண்டும். அந்த உயரத்துக்குரிய இயல்பான வெப்பத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு ஒன்று கூட்ட வேண்டும். திபெத்திலே பம்டா என்ற இடத்திலே ஐந்தரைக் கிலோமீட்டருக்கு ஓடுபாதை போட்டார்கள் என்று படித்து வாய் பிளப்போர், அந்தக் களம் கடல்மட்டத்துக்கு மேலே 4,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலே இருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே நீளம் ஆடம்பரமன்று, மூச்சு.

புறப்பாட்டின்போது பாதி தூரம் ஓடிய பிறகு இயந்திரம் ஒன்று பழுதானால், விமானம் நிற்பதற்கும் இடம் வேண்டும். மேலெழும் தூரம் ஒன்று, பாதியிலே நிறுத்தும் தூரம் ஒன்று; இரண்டையும் பார்த்துத்தான் நீளத்தை முடிவு செய்கின்றனர். தொலைநாட்டுக்குப் போகும் விமானம் எரிபொருளை வயிறு நிறைய நிரப்பிக்கொண்டு கிளம்புவதால் அதற்கு மேலும் கூட வேண்டும். இவையெல்லாம் உண்மை. நாம் மறுக்கவில்லை.

ஆனால் நம் சென்னையின் கணக்கு என்ன? கடலோரம், உயரத்துக்காகக் கூட்ட ஒன்றுமில்லை. வெப்பம்தான் உண்டு. கடல்மட்டத்தின் இயல்பு 15 பாகை. நம் கோடையை 37 பாகை என்று வைத்துக்கொண்டால் 22 பாகை மிகுதி, அதாவது நூற்றுக்கு இருபத்திரண்டு. இயல்பான நிலையிலே 3,000 மீட்டர் கேட்கும் பெரிய விமானத்துக்கு நம் வெயிலிலே 3,660 மீட்டர் வேண்டும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை எவ்வளவு தெரியுமா? 3,662 மீட்டர்! கணக்குப் போட்டு வைத்தாற்போல் இருக்கிறது. இலண்டனுக்கும் பிராங்பர்ட்டுக்கும் இடைநில்லாமல் விமானங்கள் பறந்தது இந்தப் பாதையிலிருந்துதான். ஆகவே, சென்னைக்கு நீளம் போதவில்லை என்பது வெறும் மேடைப் பேச்சு.

மீனம்பாக்கத்திலே குறையே இல்லையா? உண்டு. அங்கே இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இரண்டிலும் ஒரே நேரத்தில் விருப்பம்போல் விமானம் விட முடியாது. சுற்றிலும் குன்று, வீடு, ஆறு. விமானம் நிறுத்த இடம் நெருக்கடி. இவை மெய்யான குறைகள். ஆனால் மும்பையைப் பாருங்கள். அங்கேயும் இரண்டு ஓடுபாதைகள் குறுக்கே வெட்டுகின்றன. அங்கேயும் குடியிருப்புகள் சுவரை உரசி நிற்கின்றன. நிலம் 1,850 ஏக்கர் அளவு. 2023-24-ஆம் ஆண்டிலே அந்த ஒரு நிலையத்தின் வழியே போய்வந்தோர் 5 கோடியே 28 லட்சம் பேர். அதே காலத்திலே சென்னை? 2 கோடியே 12 லட்சத்தை ஒட்டி. 2019-20-இல் 2 கோடியே 22 லட்சம். இடையிலே கொரோனா வந்து போயிற்று. 2024-25-இலும் ஏறக்குறைய அதே எண்தான். மும்பை அதே முடக்கத்திலே இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கிறது. சென்னை மூச்சுத் திணறுகிறது என்றால், திணறுவது ஓடுபாதையா, நிர்வாகமா?

இலண்டன் ஹீத்ரோவைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். அங்கே ஓடுபாதைகள் இரண்டே. ஒன்று 3,902 மீட்டர், மற்றொன்று 3,660 மீட்டர். இரண்டாவது நம் மீனம்பாக்கத்தைவிட இரண்டு மீட்டர் குறைவு! நிலையத்தின் மொத்தப் பரப்பு 1,227 ஹெக்டேர், அதாவது மூவாயிரத்துச் சொச்சம் ஏக்கர். ஆண்டுக்கு எட்டுக் கோடிப் பயணிகளுக்கு மேல். பரந்தூருக்கோ, பத்துக் கோடிப் பயணிகள் என்ற கனவைக் காட்டி 5,746 ஏக்கர் கேட்கின்றனர். இரண்டு ஓடுபாதையும் அவற்றையொட்டிய கட்டடங்களும் எத்தனை ஏக்கரை விழுங்கும்? மிச்சம் எதற்கு? விமானம் இறங்கவா, வணிக வளாகம் ஏறவா? இந்தக் கேள்வியை எந்த அமைச்சரும் விரும்புவதில்லை.

இப்போது அரக்கோணத்துக்கு வாருங்கள். நாடெங்கும் நீளமான ஓடுபாதை இருக்கிறதே, நமக்கில்லையே என்று ஏங்குவோர் அங்கே போய்ப் பார்க்கட்டும். இருக்கிறது, ஐயா! ஏறத்தாழ 4,100 மீட்டர். இரண்டரை மைல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போவதானால் முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். ஆசியாவின் மிக நீண்ட படைத்தள ஓடுபாதைகளுள் ஒன்றென்று கடற்படையினரே பெருமையுடன் சொல்லும் பாதை அது.

அந்தக் களத்தின் கதையும் தெரிந்துகொள்ளத்தக்கது. 1942 ஏப்ரலிலே ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் திருகோணமலையிலும் குண்டு போட்டனர். சென்னைப் பட்டணமே காலியாயிற்று. வங்காள விரிகுடாவைக் காக்க ஆங்கிலேயன் அவசர அவசரமாகத் தமிழ்நாடெங்கும் ஓடுபாதைகளைப் போட்டான். அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை என்று ஊர் ஊராக. போர் முடிந்தது, அவன் போனான், பாதைகள் கிடந்தன. சோழவரத்திலே கார்ப் பந்தயம் விட்டார்கள்! போருக்காகப் போட்ட தரையிலே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பல்லாண்டு வேகம் பழகினர். உளுந்தூர்ப்பேட்டைப் பாதை வெயிலிலே காய்ந்தது. அரக்கோணம் மட்டும் மறுபிறவி எடுத்தது. 1992 மார்ச் 11-ஆம் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் இரா. வெங்கட்ராமன் அதை ‘ராஜாளி’ என்ற பெயரால் கடற்படைத் தளமாகத் தொடங்கி வைத்தார். சோவியத்து நாட்டிலிருந்து வாங்கிய தூ-142 என்னும் வேவு விமானங்கள் அங்கே குடியேறின. முழுச்சுமையோடு 185 டன் எடை. அந்தப் பாரத்தோடு எழுந்து கடல்மேலே மணிக்கணக்காகச் சுற்றி வர வேண்டும். அதற்காகத்தான் அந்த நீளம். 2017 மார்ச்சிலே அவை ஓய்வு பெற்றன. அதற்கு முன்பே, 2013 முதல், அமெரிக்கப் போயிங் நிறுவனத்தின் பி-8ஐ விமானங்கள் வந்துவிட்டன. சோவியத்து விமானத்தின் பளுவுக்காக நீண்ட பாதையிலே அதைவிட மிக இலகுவான அமெரிக்க விமானம் ஓடுகிறது.

ராஜாளியின் பாதை படைக்கு மட்டுமே உரியதா? இல்லை என்று காட்டிய நாள் ஒன்று உண்டு. நீங்கள் அனைவரும் வாழ்ந்து கண்ட நாள். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றிலே பாய்ந்தது. அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருந்தனர் மீனம்பாக்கத்திலே. ஆறு தன் இடத்தைத் திரும்பக் கேட்டது. விமானங்கள் குளத்திலே வாத்துகள் போல் நின்றன. நிலையம் மூடப்பட்டது. தலைநகருக்கு வான்வழி அடைபட்டது. அப்போது எங்கே ஓடினர்? அரக்கோணத்துக்கு! டிசம்பர் 4 முதல் பயணிகள் விமானங்கள் அந்தக் கடற்படைப் பாதையிலிருந்து கிளம்பின. பேருந்துகளிலே பயணிகளைக் கொண்டுபோய் இறக்கினர். மூட்டை முடிச்சோடு கைக்குழந்தையோடு வந்த பொதுமக்கள் போர் விமானங்களின் ஓரமாக நடந்து போய் ஏறினர். வானம் இடிந்து விழவில்லை. நாட்டின் பாதுகாப்பு கெட்டுவிடவுமில்லை.

இதைச் சொன்னால் உடனே கையை உயர்த்துவர்: “அது ஆபத்துக் காலம், அன்றாடம் கடற்படைத் தளத்திலே பொதுமக்களை விட முடியுமா?” முடியும் என்பதற்குச் சான்று வெளியிலே தேட வேண்டியதில்லை. கோவா டபோலிம் யாருடைய களம்? கடற்படையின் களம். விசாகப்பட்டினம் யாருடையது? கடற்படையுடையது. அந்தமானின் போர்ட் பிளேர்? அதுவும் அப்படியே. புனேயும் ஸ்ரீநகரும் லேயும் விமானப்படைக் களங்கள். இவற்றிலெல்லாம் பல்லாண்டுகளாகப் பொதுமக்கள் ஏறி இறங்கியிருக்கின்றனர். நேர்மையாகச் சொல்ல வேண்டியதொன்றும் இருக்கிறது: படையோடு நேரம் பங்கிடுவதிலே தொல்லை உண்டு, அந்தத் தொல்லையினால்தான் கோவாவிலே மோபாவும், விசாகப்பட்டினத்துக்கருகே போகாபுரமும் புதிய நிலையங்களாகத் திட்டமிடப்பட்டன. ஆனால் அங்கே முதலில் பங்கிட்டுப் பார்த்தார்கள். கூட்டம் பெருகிய பின்னர்தான் புதியது தேடினார்கள். இங்கே முதற்படியிலே காலே வைக்காமல் மாடிக்குத் தாவுகின்றனர்.

சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் ரயில் தொலைவு 69 கிலோமீட்டர். சென்னைக்கும் பரந்தூருக்கும் அரசே சொல்லும் தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அரக்கோணமோ தென்னகத்தின் பெரிய ரயில் சந்திப்புகளில் ஒன்று. விடியற்காலை முதல் நள்ளிரவு வரை மின்ரயில் ஓடுகிறது. பரந்தூருக்கு ரயில் இனிமேல்தான் வர வேண்டும். பூவிருந்தவல்லியிலிருந்து மெட்ரோ வரும் என்று வரைபடம் காட்டுகின்றனர். இரண்டு இடங்களுக்கும் இடைவெளி நேர்க்கோட்டிலே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. முப்பது கிலோமீட்டருக்குள் நான்கு கிலோமீட்டர் நீள ஓடுபாதை ஒன்று, மக்கள் பணத்திலே போட்டது, கிடக்கிறது. பரந்தூரிலே விமானம் இறங்க வேண்டுமானாலும் அந்தக் கடற்படையின் வான்வெளியைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும். எப்படியும் கேட்கப் போகிறீர்கள். வானத்தைக் கேட்கும்போதே தரையையும் கேட்டால் என்ன?

“பாதுகாப்பு இரகசியம்” என்பார்கள். 2017 ஜூலையிலே மலபார் கூட்டுப் பயிற்சியின்போது அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ விமானம் இதே ராஜாளித் தளத்திலே வந்து நின்றதே, அப்போது இரகசியம் எங்கே போயிற்று? 2016 ஆகஸ்டிலே அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டு, நம் தளங்களிலே அவர்களுடைய படை எரிபொருளும் தளவாட உதவியும் பெற்றுக்கொள்ள வழி செய்தார்களே, அப்போது? அதற்கும் முன்னால், 1991 சனவரியிலே, வளைகுடாவிலே போர் மூண்டபோது, அமெரிக்கப் படை விமானங்கள் பம்பாயிலும் நம் சென்னையிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சந்திரசேகர் அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. மீனம்பாக்கம் ஓடுபாதையிலே ஈராக்கின்மீது போர் தொடுத்தவன் இறங்கலாம். ராஜாளிப் பாதையிலே இராணிப்பேட்டைக்காரன் ஏறக் கூடாது! ஓடுபாதையை யார் பயன்படுத்துவது என்பதை முடிவு செய்வது காங்கிரீட்டின் கனம் அன்று, தோழர்களே, ஆள்வோரின் மனம்.

நீண்ட ஓடுபாதையின் முழு வரலாற்றையும் அறிய வேண்டுமானால் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலைப் பாருங்கள். தியேகோ கார்சியா என்றொரு தீவு. அங்கே அமெரிக்கன் 12,000 அடிப் பாதை போட்டிருக்கிறான். போடுவதற்கு முன்னால், 1968 முதல் 1973 வரை, அந்தச் சாகோஸ் தீவுகளிலே தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்பிலே உழைத்த மக்கள் அத்தனை பேரையும் ஆங்கிலேயன் கப்பலேற்றி மொரீசுக்கும் செய்செல்சுக்கும் அனுப்பினான். வளர்த்த நாய்களையும் கொன்றான். அந்தப் பாதையிலிருந்து எழுந்த குண்டு விமானங்கள் 1991-இல் ஈராக்குக்கும் 2001-இல் ஆப்கானிஸ்தானுக்கும் பறந்தன. 2025 மே மாதம் அந்தத் தீவுகளின் ஆட்சியுரிமையை மொரீசிடம் ஒப்படைப்பதாகப் பிரிட்டன் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டது. தளத்தை மட்டும் 99 ஆண்டுக்குக் குத்தகையாக வைத்துக்கொள்வதாக அதே ஒப்பந்தம் சொல்கிறது. மண்ணைத் தருவார்களாம், ஓடுபாதையைத் தர மாட்டார்களாம்!

ரன்வே என்பதற்கு ஓடுபாதை என்று தமிழிலே வழங்குகிறோம். பிறசொல் கலவாத் தமிழுக்காக வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய நகரிலே இருந்துகொண்டு இந்தச் சொல்லைப் பாராட்டாமலிருக்க முடியவில்லை. விமானம் ஓடுமுன் அந்த மண்ணைவிட்டு ஓட வேண்டியவன் உழவன் என்பதையும் சேர்த்தல்லவா அது சொல்கிறது!

ஓடச் சொன்னால் ஓடிவிடுவார்களா? 2022 ஆகஸ்டிலே பரந்தூர் அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஊர்கள் பாதிக்கப்படும் என்றனர். ஏகனாபுரம் மக்கள் அந்த மாதமே கிராமசபையிலே எதிர்த்துத் தீர்மானம் போட்டனர். மாலை மாலையாக, வயல் வேலை முடித்து வந்து, பெண்கள் முன்னே நிற்கக் கூடினர். அந்தப் போராட்டம் ஆயிரம் நாளைக் கடந்தது. 2024 ஏப்ரல் 19-இல் மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தனர். வாக்குச் சாவடியிலே அலுவலர் இருந்தார், இயந்திரம் இருந்தது, வாக்காளர் வரவில்லை. அரசோ தன் வழியே போயிற்று: 2024-இல் இடத்துக்கான ஒப்புதல், 2025 ஏப்ரலிலே கொள்கையளவிலான ஒப்புதல், அதே ஆண்டு ஜூலையிலே பத்திரப் பதிவு. 5,746 ஏக்கரிலே 3,774 ஏக்கர் பட்டா நிலம். 1,972 ஏக்கர் புறம்போக்கு. புறம்போக்கு என்றதும் யாருக்கும் ஆகாத தரிசு என்று பட்டணத்தார் நினைப்பர். ஏரி புறம்போக்கு, குளம் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மாடு மேயும் இடம் புறம்போக்கு. ஊரின் உயிர் அத்தனையும் அரசின் ஏட்டிலே புறம்போக்குதான்!

அந்த ஏரியையும் குளத்தையும் எடுப்பதற்குப் பழைய சட்டங்கள் இடைஞ்சலாயின போலும். 2023 ஏப்ரல் 21-ஆம் நாள் சட்டமன்றத்திலே நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறிற்று. நூறு ஹெக்டேருக்குக் குறையாத ‘சிறப்புத் திட்டம்’ என்று அரசு அறிவித்துவிட்டால், உள்ளே நீர்நிலை இருந்தாலும் சேர்த்து ஒப்படைக்கலாம். விவாதமில்லாமல் நிறைவேறிய சட்டம் அது. ஏரி வெட்டிய பல்லவனுக்குத் தலைமுறைகள் ஆயின. ஏரியை எடுக்க ஒரு பிற்பகல் போதுமாயிற்று.

ஒருங்கிணைந்த செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். வெறும் புகழ்ச்சிப் பெயரா அது? ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும். அது நிரம்பி அதற்கடுத்ததற்கு. மழை ஒருநாளிலே கொட்டியதை மாதக்கணக்கிலே தேக்கிப் பகிரும் ஏற்பாடு. பரந்தூர்த் திட்டப் பகுதியின் ஊடே கம்பன் கால்வாய் ஓடுகிறது. ஏரிகளை நிரப்பிக்கொண்டே திருப்பெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. அந்தப் பக்கத்து மிகைநீர் நாடுவது செம்பரம்பாக்கத்தை. செம்பரம்பாக்கத்து மிகைநீர் நாடுவது அடையாற்றை. அடையாறு 2015-இல் எதை மூழ்கடித்தது? மீனம்பாக்கத்தை! கீழே இருந்த விமான நிலையத்தை வெள்ளம் மூடியது என்பதற்காக மேலே இருக்கும் ஏரிகளை மூடி விமான நிலையம் கட்டுகின்றனர். ஏரியிலே நிற்காத நீர் எங்கே போய் நிற்கும்? முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் கேளுங்கள்.

எதிரிகள் வெளிநாட்டு உதாரணத்தை விரும்புவர். தருவோம். கனடா நாட்டிலே மொன்றியால் நகருக்கென மிராபெல் என்றொரு விமான நிலையம் கட்டினர். 97,000 ஏக்கர் எடுத்தனர். பெரும்பாலும் நல்ல விளைநிலம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினர். உலகின் பெரிய நிலையங்களிலே ஒன்றாகும் என்று முழங்கி 1975-இல் திறந்தனர். ஓடுபாதை நீளம், நம் மீனம்பாக்கம் அளவு. பயணிகள் வரவில்லை. ஊருக்குத் தொலைவு, ரயில் வரும் என்றார்கள், வரவில்லை, பழைய நிலையமே போதும் என்று மக்கள் அதிலேயே ஏறினர். 1980களிலேயே பெரும்பகுதி நிலத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2004-இல் கடைசிப் பயணி விமானம் கிளம்பிற்று. 2014-இல் பயணிகள் கட்டடத்தையே இடிக்கத் தொடங்கினர். நிலம் திரும்பிற்று, அதிலே உழுத கை திரும்பிற்றா?

இவ்வளவு தொலைவு போவானேன்? பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். இலங்கையிலே மத்தளை, 2013 மார்ச்சிலே ஆட்சியாளர் தம் குடும்பப் பெயரையே சூட்டித் திறந்த நிலையம். 3,500 மீட்டர் ஓடுபாதை. சீனக் கடன், 20 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவு. யானை வந்தது, மயில் வந்தது, விமானம் வரவில்லை. கடைசியில் அங்கே எதைக் கொண்டுவந்து வைத்தார்கள்? நெல்லை! விளைந்த நெல்லை வைக்கக் கிடங்கு போதாமல் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையிலே மூட்டை மூட்டையாக அடுக்கினர். நெல் விளையும் பரந்தூரை அழித்து விமான நிலையம் கட்ட முனைவோர், விமான நிலையத்திலே நெல் கொட்டிய இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் பேசட்டும்.

ஜப்பானிலே நாரிதாவை மட்டும் ஒரு வரியிலே சொல்லிவிடுகிறேன். 1966-இல் உழவரைக் கேட்காமல் இடத்தை முடிவு செய்தார்கள். 4,000 மீட்டர் ஓடுபாதையோடு 1978-இல்தான் திறக்க முடிந்தது. இரண்டாவது ஓடுபாதைக்கு 2002 வரை காத்திருந்தார்கள். கேட்டிருந்தால் விரைவாக முடிந்திருக்கும்.

“வேலை வருமே!” என்பதுதான் அவர்களுடைய கடைசி அம்பு. மறைமலைநகர்த் தோழர்களுக்கு அந்த அம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையிலே போர்டு ஆலை எழுந்தபோது என்னென்ன சொன்னார்கள்? வேலை வந்தது, உண்மை, மறைக்கவில்லை. 2021 செப்டம்பரிலே ஒருநாள், உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிக்கை வந்தது. 2022-இல் நின்றே போயிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுக்காக வாசலிலே உட்கார்ந்தனர். 2025-இல் இயந்திரம் செய்ய மீண்டும் வருவதாக ஒப்பந்தம் போட்டிருக்கின்றனர், வரட்டும், நல்லதே. ஆலை மூடினால் தொழிலாளி வேறு வாசலைத் தட்டலாம். ஏரி மூடினால் உழவன் எந்த வாசலைத் தட்டுவான்? ஐம்பது வயதிலே விதைக்கவும் அறுக்கவும் மட்டும் தெரிந்த பெண்ணுக்கு அந்தப் பளிங்குத் தரையிலே என்ன வேலை தருவீர்கள்? துடைக்கும் வேலையா?

ஆகவே தோழர்களே, “வளர்ச்சி வேண்டாமா?” என்று இனிமேல் எவரேனும் கேட்டால், கோபிக்க வேண்டாம். மூன்று கேள்விகளை அமைதியாகத் திருப்பிக் கேளுங்கள். அரக்கோணத்து ராஜாளிப் பாதையைப் பொதுமக்களும் பயன்படுத்துவது பற்றிக் கடற்படையோடு அரசு பேசியதுண்டா, பேசியிருந்தால் என்ன விடை, அந்தத் தாள் எங்கே? 5,746 ஏக்கரிலே ஓடுபாதைக்கும் பயணிகள் கட்டடத்துக்கும் எவ்வளவு, வணிகத்துக்கு எவ்வளவு? கம்பன் கால்வாயின் நீர் பெருமழை நாளிலே எந்த வழியே போகும், அதைக் காட்டும் வரைபடம் எது? மூன்றுக்கும் எழுத்திலே விடை வரட்டும். பிறகு நீளத்தைப் பேசலாம்.

காட்டாங்கொளத்தூர், திருப்போரூர், மதுராந்தகம் ஒன்றியங்களின் தோழர்கள் அடுத்து வரும் கிராமசபையிலே இம்மூன்றையும் தீர்மானமாக முன்மொழிய வேண்டும். ஏகனாபுரத்துக்கு ஆதரவாக என்று ஒரு வரியும் சேருங்கள். “இந்த ஊருக்குச் சம்பந்தமில்லை” என்று தலைவரோ அலுவலரோ தள்ளப் பார்ப்பர். படாளமும் திருப்போரூரும் பட்டியலிலே இருந்ததைச் சொல்லுங்கள். கை தூக்கி நிறைவேறியதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தீர்மான ஏட்டிலே எழுதப்பட்டதா என்று பார்த்து, நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.